'தேள் கடிச்சிடுச்சு': 3,200 வருஷத்துக்கு முந்தைய ஒரு லீவு ரெஜிஸ்டர்

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். இன்னைக்கு ரெக்கார்டிங்குக்கு நான் 40 நிமிஷம் லேட். "மேடவாக்கத்துல மாடு நடுரோட்டுல படுத்திருந்துச்சு"ன்னு எடிட்டர்கிட்ட சொன்னேன். மாடு படுத்திருந்தது நிஜம். ஆனா அதனால போனது அதிகபட்சம் நாலு நிமிஷம். மீதி 36 நிமிஷத்துக்கும் அந்த மாடுதான் பழி சுமந்துச்சு.

என் முதல் வேலையில கூட இருந்த ஒரு நண்பனுக்கு ஒரே வருஷத்துல மூணு பாட்டி இறந்துபோனாங்க. மூணாவது எப்படின்னு மேனேஜர் கேட்டப்போ, "சின்னப் பாட்டி சார்"ன்னான். அவரால ஒண்ணும் பேச முடியல. நம்ம ஊர்ல சின்னப் பாட்டிகளுக்குக் கணக்கு வழக்கே கிடையாதே! அந்த மேனேஜர் ஒரு எக்ஸெல் ஷீட் வெச்சிருந்தார். பேர், தேதி, காரணம். அந்த ஷீட்டுக்கு ஒரு கொள்ளுத் தாத்தா லண்டன்ல, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

அது ஒரு சுண்ணாம்புக் கல் பலகை. உயரம் 38 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. லேப்டாப்பை விடச் சற்றே பெருசுன்னு வெச்சுக்கோங்க. மியூசியத்துல அதோட எண் 5634. எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்செஸ் மன்னரோட 40-வது ஆட்சி ஆண்டுல, அதாவது கி.மு. 13-ம் நூற்றாண்டுல எழுதினது. ஓரத்துல 40 பேரோட பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரா அவர் வேலைக்கு வராத தேதிகள் கறுப்பு மையில. தேதிக்கு மேல, ஏன் வரலைன்னு சிவப்பு மையில ஒரு வரி. இப்படி 280 நாள் கணக்கு. நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது. வந்தியா, வரலையா, வரலைன்னா ஏன். அவ்வளவுதான்.

யார் இந்த 40 பேர்? நைல் நதியோட மேற்குக் கரையில, இன்னைக்கு லக்சோர்னு சொல்ற ஊருக்கு எதிர்ப் பக்கம், டெய்ர் எல் மெதினான்னு ஒரு கிராமம். அரசர்களுக்கு மலையைக் குடைஞ்சு கல்லறை கட்டின தொழிலாளர்கள் அங்கேதான் குடும்பத்தோட இருந்தாங்க. கல்லுடைக்கிறவங்க, ஓவியர்கள், எழுத்தர்கள் எல்லாம் அதில் அடக்கம். அவங்களுக்கு வாரம்னா பத்து நாள். எட்டு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு. வறண்ட பாலைவனம். குடிக்கிற தண்ணியைக்கூடக் கழுதை மேல ஏத்தி அரசாங்கம்தான் அனுப்பணும்.

சரி, சிவப்பு மைக்கு வருவோம். சேபான்னு ஒருத்தரைத் தேள் கடிச்சிருக்கு. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனா இந்தத் தொழிலாளர் கூட்டத்துல தேள்கடிக்கு மந்திரிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் இருந்தார், அந்த வேலைக்குக் கூடுதல் தானியமும் வாங்கினார். அரசாங்கமே தேளுக்கு ஆள் போட்டிருக்குன்னா, தேள் கடிச்சது சாக்கா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இன்னொருத்தருக்குக் கண் வலி. இருட்டுல விளக்கு வெச்சுக்கிட்டுக் கல்தூசி நடுவுல வேலை பார்த்தா வராம என்ன செய்யும்? ஒருத்தர் அவரோட அம்மா உடலைத் துணியில சுற்றப் போயிருக்கார். ஒருத்தர் வீடு கட்டப் போயிருக்கார். ஒருத்தர் சும்மா "குடிக்கப் போனான்"ங்கிற மாதிரி. அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

"பீர் காய்ச்சினார்"னு ஒரு காரணம் இருக்கு. சமூக வலைத்தளங்கள்ல இந்த ரெஜிஸ்டரைப் பத்திப் போடுறவங்க எல்லாரும் இதைத்தான் தலைப்பாப் போடுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்ல காசு புழக்கத்துல இல்ல, சம்பளமே தானியம்தான். ரொட்டிக்குக் கோதுமை, பீருக்கு பார்லி. பீர் அவங்களுக்குச் சாமிக்குப் படைக்கிற பொருள், அன்றாடம் வீட்டுல குடிக்கிற பொருளும் அதுதான். வீட்டுல விசேஷம், அதனால லீவு போட்டு மாவாட்டினேன்னு நம்ம ஊர்ல ஒருத்தர் சொன்னா எப்படியோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இது.

அடுத்தது என்னை நிஜமாவே நிறுத்தி யோசிக்க வெச்ச காரணம். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு, அதனால கணவரோ அப்பாவோ வேலைக்கு வரல. நம்ம வீடுகள்ல தீட்டுன்னு பொண்ணைத்தான் ஓரமா உட்கார வெச்சாங்க. இங்கே ஆம்பளைக்கு லீவு! தீட்டு கல்லறைக்குள்ள வரக்கூடாதுன்னா, இல்ல வீட்டு வேலையைப் பார்க்கவான்னு ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. எல்லாரும் மாசாமாசம் இந்தக் காரணத்தைச் சொல்லல. அதனால வீட்டு வேலைதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

இப்போ சிரிப்பு நிக்கிற இடம். பலகையில அடிக்கடி வர்ற ஒரு காரணம், "மேலதிகாரியோட இருந்தார்", "எழுத்தருக்காகக் கல் சுமந்தார்". அதாவது மேலதிகாரியோட சொந்த வேலை. அரசர் வேலைக்கு வராததுக்குக் காரணமே, வருகைப் பதிவைப் பார்த்துக்கிற கூட்டத்துல ஒருத்தர்தான். அந்தக் காலத்துல அங்கே கென்ஹெர்கெப்ஷெஃப்னு ஒரு எழுத்தர் இருந்தார். கையெழுத்து படுமோசம், இன்னைக்கும் எகிப்தியவியல் படிக்கிறவங்க அவரைத் திட்டிக்கிட்டேதான் வாசிக்கிறாங்க. அவருக்குக் கீழ வேலை பார்த்த பரேஹோதெப்ங்கிற ஓவியர் அவருக்கு எழுதின கடிதமும் கிடைச்சிருக்கு. வேலைன்னா கழுதையைத் தேடுறீங்க, தீனின்னா மாட்டைத் தேடுறீங்க, பீர் இருக்கிற நாள்ல என்னை மட்டும் தேடவே மாட்டீங்கன்னு புலம்பியிருக்கார். நம்ம கதையிலயும் மாடு வந்துடுச்சு பாருங்க.

இந்த 280 நாள்ல முழுசா வேலை நடந்தது சுமார் 70 நாள்தான்னு தெரியுது. ராஜாவோட 40-வது வருஷம், அவரோட கல்லறை வேலை அநேகமா முடிஞ்சிருக்கும். அதனாலதான் எழுத்தர் பதறாம "பீர்"னு எழுதிட்டுப் போயிருக்கார்னு நினைக்கிறேன்.

இதே கிராமத்துல ஒரு எண்பது, தொண்ணூறு வருஷம் கழிச்சு லேட்டானது தொழிலாளர்கள் இல்ல, சம்பளம். மூன்றாம் ராம்செஸோட 29-வது ஆண்டு, கி.மு. 1157 வாக்குல. மாசத்துல 18 நாள் ஓடிடுச்சு, தானியம் வரல. ஆட்கள் கருவிகளைக் கீழ போட்டுட்டு, காவல் எல்லையைத் தாண்டி, பழைய அரசர் ஒருத்தரோட கோயிலுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தாங்க. பசியிலும் தாகத்திலும்தான் வந்தோம், துணி இல்ல, எண்ணெய் இல்ல, மீன் இல்ல, காய்கறி இல்ல, மன்னருக்குச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. எழுத்துப் பதிவுல நமக்குக் கிடைச்ச முதல் வேலைநிறுத்தம்னு இதைத்தான் சொல்றாங்க. எழுதி வெச்சவர் அமென்நாக்த்ங்கிற எழுத்தர். அந்தப் பாபிரஸ் இப்போ இத்தாலியில தூரின் நகர மியூசியத்துல இருக்கு.

போராட்டம் விட்டு விட்டு மாசக்கணக்குல போச்சு. மன்னருக்கு ஜூபிலி விழா வர இருந்தது. அதுக்காகத் தெற்கே சாமி சிலைகளைக் கூட்டிட்டு வரப் போன தலைமை அமைச்சர் 'டோ', இந்தக் கிராமத்தை எட்டிப் பார்க்கல. காவல் அதிகாரி மூலமா ஆள் சொல்லி அனுப்பினார். சாரம் இதுதான்: கொண்டு வர ஒண்ணும் இல்லங்கிறதால நான் வராம இருக்கல. உங்க பங்கைப் பிடுங்குற ஆளா நான்? களஞ்சியத்துலயே ஒண்ணும் இல்லைன்னாலும், கிடைச்சதை உங்களுக்குத் தர்றேன்.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்த முதல் கம்பெனி ஞாபகம் வந்துச்சு. ஒரு மாசம் சம்பளம் 11 நாள் லேட். "தவிர்க்க முடியாத வங்கிக் காரணங்கள்"னு ஒரு மெயில் வந்துச்சு. வாடகை கட்ட என் ரூம்மேட்கிட்ட கடன் வாங்கினேன். எக்ஸெல் ஷீட்டுல எங்க பேருக்குத்தான் வரிசை இருந்துச்சு. கம்பெனிக்கு ஒரு வரிசை போட யாருக்கும் தோணல. பாட்டிகளைப் பறிகொடுத்த நண்பன்கூட அன்னைக்கு வாயைத் திறக்கல.

அமைச்சரோட சேதிக்கு அப்புறம் கிராமத்துக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டீங்கன்னா, அரைப் பங்கு தானியம். கொஞ்ச நாள்லயே அவங்க மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தாங்க.

நீங்க சொன்னதுலயே மோசமான சாக்கை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறோம். யாரையாவது நிஜமாவே தேள் கடிச்சிருந்தா, முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு அப்புறமா அனுப்புங்க.