நேரலைத் தொலைக்காட்சியில் மிகை மெய்ம்மை வரைகலை

கேமரா காட்டும் உண்மையான இடத்தில், அங்கேயே நிற்பது போலக் கணினி உருவங்களைச் சேர்த்து நேரலையில் ஒளிபரப்பும் முறை மிகை மெய்ம்மை வரைகலை எனப்படுகிறது. திரையின் ஓரத்தில் வரும் ஸ்கோர் பட்டை இந்த வகையில் சேராது. கேமரா திரும்பினாலும் ஜூம் செய்தாலும் உருவம் தன் இடத்தை விட்டு அசையக் கூடாது. அதற்காகக் கேமராவின் திசை, சாய்வு, ஜூம் ஆகியவற்றை ஃபிரேமுக்கு ஃபிரேம் அளந்து கணினிக்கு அனுப்புகிறார்கள். கணக்கீட்டுக்குச் சில ஃபிரேம்கள் பிந்துவதால் ஒலியையும் அதே அளவு பிந்தவிடுகிறார்கள்.

வழி திறந்தது விளையாட்டு ஒளிபரப்புதான். 1996 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, ஆடும் வட்டுக்குள் அகச்சிவப்பு உமிழிகளைப் பொதித்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி தெரியச் செய்தது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் நீளும். ஹாக்கியில் ஊறியவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1998க்குப் பிறகு அது வரவில்லை.

அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஸ்டான் ஹனி அடுத்து ஸ்போர்ட்விஷன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1998 செப்டம்பர் 27 அன்று பால்டிமோர், சின்சினாட்டி அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அதன் மஞ்சள் கோடு இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் அறிமுகமானது. பந்து வைத்திருக்கும் அணி எதுவரை முன்னேற வேண்டும் என்பதை அந்தக் கோடு காட்டும். மழைநீர் வடிவதற்காக மைதானத்தின் நடுப்பகுதி சற்று மேடாக இருக்கும் என்பதால், ஆட்டத்துக்கு முன்பே தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து வைத்தார்கள். புல்லின் நிறங்கள் மீது மட்டும் கோடு விழும். சீருடை, தோல் நிறங்கள் மீது விழாது. அதனால் வீரர்கள் கோட்டை மிதித்து ஓடுவது போலவே தெரிந்தது. சேறும் பனியும் நிறங்களைக் குழப்பும் நாட்களில் இயக்குபவருக்குத்தான் பாடு.

செய்தி அரங்கில் சிக்கல் வேறு. உருவம் பார்வையாளருக்குத் தெரியும், தொகுப்பாளருக்குத் தெரியாது. 2008 நவம்பர் 4, அமெரிக்கத் தேர்தல் இரவில், சிகாகோவில் இருந்த செய்தியாளர் ஜெசிகா யெலினை 35 கேமராக்களால் படம்பிடித்து, நியூயார்க் அரங்கில் தொகுப்பாளர் உல்ஃப் பிளிட்சரின் எதிரே நிற்பது போல் சிஎன்என் காட்டியது. பிளிட்சருக்கு எதிரே இருந்தது வெறும் தரை. வெறுமையை நோக்கி இயல்பாகப் பேசுவதும், தரைக் குறியைப் பார்க்காமலே மிதிப்பதும், மானிட்டரை ஓரக்கண்ணால் பார்த்துக் கையை நீட்டுவதும் இத்துறையின் தனித் திறமைகள். ஆனால், யெலின் சாதாரணத் திரையில் வந்திருந்தாலும் செய்தி ஒன்றும் குறைந்திருக்காது.

2018இல் வெதர் சேனல், கணினி விளையாட்டுகளுக்கான அன்ரியல் எஞ்சினைக் கொண்டு ஃப்ளோரன்ஸ் புயலின் கடல்நீர் எழுச்சியைக் காட்டியது. தொகுப்பாளர் எரிகா நவாரோ பேசப் பேச நீர் அவரைச் சுற்றி 3 அடி, 6 அடி, 9 அடி என உயர்ந்தது, கார் மிதந்தது. 9 அடி என்றால் என்ன என்று கடலோரத்தில் இருப்பவருக்குச் சொல்லாலும் வரைபடத்தாலும் இவ்வளவு விரைவில் புரியவைக்க முடியாது. இத்துறை இதுவரை செய்தவற்றில் மிகவும் பயனுள்ளது இதுவே.