வகுப்பறையின் பின்னால் ஒரு கணினி



இன்று ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கேரி கில்டால். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கணினிப் பாடம் நடத்தியவர். இன்டெல் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாக இன்டெலெக்-8 என்ற கருவியைப் பெற்றார். மைக்ரோபிராசசருக்கு புரோகிராம் எழுதிச் சோதித்துப் பார்க்கவென்றே 1973இல் வந்த கருவி அது. முன்பக்கம் முழுக்க சுவிட்சுகளும் சிறு விளக்குகளும்.

அதை அவர் பூட்டி வைக்கவில்லை. வகுப்பறையின் பின்பக்கம் வைத்தார். பாடம் முடிந்ததும் மாணவர்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். 1974இல், நண்பர் ஜான் டொரோட் துணையோடு 8 அங்குல பிளாப்பி டிரைவை இணைத்து, தான் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தை ஓட்டிக் காட்டினார். இன்டெல் அதை வேண்டாம் என்றது. பிறகு பல நிறுவனங்களின் கணினிகள் அதில்தான் ஓடின.

இன்று இத்தகைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் பலர், பழுதான கெப்பாசிட்டர்களை மாற்றி அவற்றை ஓட வைக்கிறார்கள். வெறும் ஆசைக்காக மட்டும் அல்ல. அக்கால ஈப்ராம் சில்லுகளில் மின்னூட்டமாகப் பதிந்த புரோகிராம், ஆண்டுகள் போகப்போகக் கசிந்து அழிந்துவிடும். அதற்குள் படித்து நகலெடுக்க வேண்டும்.

பிள்ளைகளே, உங்கள் அலுவலகப் பரணில் பழைய பிளாப்பியோ சர்க்கியூட் போர்டோ கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதில் ஒருவருடைய உழைப்பு இருக்கலாம்.