வெண்பா (வீடியோ விளையாட்டு)

வெண்பா (ஜூலை 31, 2023) கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் வீடியோ விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு இதை உருவாக்கியது. தமிழரான அபி இதன் வடிவமைப்பாளர். சமையல் புதிர்களும் தமிழ்த் திரையிசைப் பாணியில் அமைந்த பாடல்களும் வழியாகப் பிரிவையும் இழப்பையும் சொல்வதால் இது தனித்துக் குறிப்பிடப்படுகிறது.

பின்னணி

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடாவில் குடியேறினர். டொராண்டோ தமிழர்களின் முக்கிய நகரமாக ஆயிற்று. தமிழகத்திலிருந்தும் பலர் வேலை தேடிச் சென்றனர். விளையாட்டின் கதை அவ்வாறு சென்ற ஒரு தம்பதியருடையது. 1988-ல் கதை தொடங்குகிறது.

கதைக்களம்

வெண்பாவும் கணவர் பாவலனும் டொராண்டோவில் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் திண்டாடுகின்றனர். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணும் வேளையில் வெண்பா கருவுற்றிருப்பது தெரிகிறது. அவர்கள் அங்கேயே தங்குகின்றனர். மகன் கவின் வளர வளர வீட்டு உணவிலிருந்தும் தமிழிலிருந்தும் விலகுகிறான். பின்னர் பாவலன் இறந்துவிட, வெண்பா தனித்து விடப்படுகிறார். கவின் வருவான் என்று அவர் விருந்து சமைத்துக் காத்திருக்கும் பகுதியும், வளர்ந்த கவின் அரைகுறைத் தமிழோடு குறிப்பேட்டைப் படித்துச் சமைக்க முயலும் பகுதியும் கதையின் முக்கிய இடங்கள்.

புதிர்கள்

வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைக் கனடாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதில் பல வரிகள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கின்றன. எஞ்சிய குறிப்புகளிலிருந்து விடுபட்ட படியை ஆடுபவர் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி செல்லும்படி எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது போன்றவையே புதிர்கள். மதிப்பெண் இல்லை, நேரக்கெடுவும் இல்லை. தவறினால் மீண்டும் செய்யலாம். அம்மாவிடம் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடக்கூடிய விஷயம், அவர் அருகில் இல்லாததால் புதிராகிவிடுகிறது.

இசை

சமைக்கும்போது பாடல்கள் ஒலிக்கின்றன. இவை திரைப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. விளையாட்டுக்கென்றே அந்தந்தக் காலத் திரையிசைப் பாணியில் உருவாக்கப்பட்டவை. 1976-ல் அன்னக்கிளியில் அறிமுகமான இளையராஜாவின் காலம், 1992-ல் ரோஜாவில் அறிமுகமான ஏ.ஆர்.ரஹ்மானின் காலம் என்று பாட்டின் ஒலியை வைத்தே ஆண்டைக் கணிப்பது தமிழர் வழக்கம். இவ்விளையாட்டும் அவ்வாறே பாட்டின் வழியாக ஆண்டுகள் கடந்ததைக் காட்டுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் சாவு வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பது மரபு. இறந்தவரின் குணத்தையும் அவரில்லாத வீட்டின் நிலையையும் முறை சொல்லி அழுவார்கள். துக்கத்தை ஊர் பகிர்ந்துகொள்ளும் வழி அது. வெண்பாவில் ஒப்பாரி இல்லை. புலம்பெயர்ந்த வீட்டில் கூடி அழ ஊரும் இல்லை. அடுப்படியும் பாட்டும் மட்டுமே துணை.

விருதுகள்

2023 கேம் அவார்ட்ஸில் இரு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. 2024-ல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மை விருதான ஷேமஸ் மெக்நாலி பெரும்பரிசையும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

மதிப்பீடு

புலம்பெயர்ந்தோர் கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளின் பக்கமிருந்து சொல்லப்படுபவை. வெண்பா பெரும்பகுதி தாயின் பக்கம் நின்று பேசுகிறது. ஒரு தலைமுறை எழுதிவைத்ததை அடுத்த தலைமுறை வாசிக்க இயலாமல் போவதும் ஓர் இழப்பே என்பதை, ஒன்றரை மணிநேரத்துக்குள் ஆடி முடித்துவிடக்கூடிய இச்சிறு விளையாட்டு உணர்த்துகிறது.