நஞ்செடுக்கும் தொழிலும் நரம்பின் பூட்டும்

செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். கையில் கடப்பாரையோடு வரப்புகளிலும் எலி வளைகளிலும் தடம் பார்த்துப் பிடித்தவற்றை, இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் தோலுக்காகவே விற்றார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புகளுக்கு நல்லது நடந்தது. பிடித்தவர்களின் பிழைப்பைப் பற்றிச் சட்டம் யோசிக்கவில்லை.

1978இல், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மண்பானைகளில் சில வாரம் வைக்கப்படுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுத்தபின், திரும்பக் காட்டிலேயே விடப்படுகின்றன. தோலுக்கு விற்ற பாம்பு ஒருமுறைதான் காசு தரும். நஞ்சுக்கோ பாம்பு உயிரோடு இருக்க வேண்டும். எடுத்த நஞ்சு, குதிரைகளின் உடலில் நச்சுமுறிவு மருந்து உண்டாக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது.

விரியன் இனத்தில் கண்ணாடி விரியனும் சுருட்டையும் முதன்மையாக இரத்தத்தைக் கெடுக்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பியில் போய் அமர்ந்தால்தான் தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது. முதலில் இமை தொங்கும், பேச்சு குழறும்; கடைசியில் மூச்சுத்தசை நிற்கும்.

நஞ்சு நரம்பைப் பூட்டும் இந்த விதத்தை அறிவியல் மெதுவாகத்தான் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஃபேரரும் லாடர் பிரன்டனும், நல்ல பாம்பின் நஞ்சு தென்னமெரிக்க அம்பு நஞ்சான குராரேயைப் போல் வேலை செய்வதைக் கவனித்தனர். 1905இல் ஜான் லாங்லி, நிகோட்டினும் குராரேயும் தசையிலுள்ள ஒரு ‘ஏற்கும் பொருளுக்காக’ப் போட்டியிடுகின்றன என்றார். ஏற்பி என்ற கருத்தின் முதல் வடிவங்களில் ஒன்று அதுதான். 1914இல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினின் செயலை இரண்டாகப் பிரித்தார்: தசைகளை இயக்கும் நிகோட்டினிக் வகை, இதயத்தைத் தளரச் செய்து, எச்சிலையும் குடலசைவையும் கூட்டும் மஸ்கரினிக் வகை.

ஏற்பியைத் தனியே பிடிக்க உதவியதும் பாம்புதான். 1963இல் தைவானில் சாங், லீ இருவரும் அந்நாட்டுக் கட்டுவிரியனிலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தனர். அது நிகோட்டினிக் ஏற்பியை விடாமல் பற்றியது. 1973இல் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்த, அவை தளர்ந்து விழுந்தன. தசைகள் தளரும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலே தன் ஏற்பிகளைத் தாக்குகிறது என்பது இவ்வாறு தெளிந்தது.

இன்று நல்ல பாம்பு கடித்தவர்க்கு, நச்சுமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் கொடுக்கப்படுகிறது. அது இருந்தால் அசிட்டைல்கோலின் சிதையாமல் சேர்ந்து, நஞ்சோடு போட்டியிடும். அந்தப் பெருக்கத்தால் மஸ்கரினிக் ஏற்பிகள் மிகையாகத் தூண்டப்படாதிருக்க, அட்ரோபின் முன்பே செலுத்தப்படும். கட்டுவிரியனுக்கு இம்முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதன் நஞ்சு நரம்பு நுனியையே அழிக்கிறது. அங்கே நச்சுமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும்தான் வழி.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கடிக்கு மருந்தாகும் நஞ்சோ இருளர் பிடிக்கும் பாம்புகளிலிருந்து வருகிறது; 2023இல் அவர்களில் பாம்பு பிடிப்பாளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.