ஷிப்ட் பணியும் ஓய்வு நேரமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் சுழற்சி முறையில் பணிபுரிபவருக்குச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் அல்லது வலிப்பு நோய் இருப்பின், அவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு நேரத்தை முதலில் கணக்கிடுங்கள்.

சட்டப்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம். 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த 2023 ஏப்ரல் மாதத் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் பேருந்துப் பயணம் வேலை நேரத்தில் சேர்வதில்லை. எட்டரை மணி நேர ஷிப்ட், போக வர மூன்று மணி நேரம், நான்கு மணி நேர ஓவர்டைம் எனில் எஞ்சுவது எட்டரை மணி நேரமே. உணவு, குளியல், உறக்கம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மூன்று நாள்களுக்கு மேல் கடலில் தங்கும் மீன்பிடிப் படகுகளுக்கு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வை விதிக்கிறது.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட 35 சதவீதம் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் அவ்வமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

மருத்துவரிடம் செல்லும்போது ஷிப்ட் அட்டவணையையும் எடுத்துச் செல்லுங்கள். "காலை, இரவு" என்று சீட்டில் எழுதப்பட்ட மாத்திரையை இரவுப் பணியாளர் எப்போது உண்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நடுக்கமும் வியர்வையும் தோன்றினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொள்ள வேண்டும். அளவை நீங்களாக மாற்றாதீர்கள். உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், வலிப்பு நோயாளிகள் இரவுப் பணியைத் தவிர்ப்பது குறித்து மருத்துவரிடம் கேட்டு, சான்று பெறலாம்.

வீட்டிலுள்ளோர் பகல் உறக்கத்துக்கு இருட்டான, அமைதியான இடம் ஒதுக்குங்கள். சிறு வீடுகளில் இது எளிதன்று என்பது உண்மையே. இரவுப் பணி முடித்தவர் இருசக்கர வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது.

இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருத்துவச் சான்றுடன் ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். ஓவர்டைம் பணம் போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், ஷிப்ட் முடியும்வரை காத்திராமல் 108ஐ அழைக்கவும். பிற ஆலோசனைகளுக்கு 104.