கம்பியை விட்ட தந்திப்பொறி

கடலூர் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த காலத்தில், அவ்வூருக்கும் பல்கலைக்கழகத்தால் பெயர் பரவிய சிதம்பரத்துக்கும் அவசரச் செய்தி வந்த வழி தந்திக்கம்பியே ஆகும். மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டு எழுதும் முறைக்கு மாற்றாக வந்த டெலிபிரிண்டர், ஓரிடத்தில் தட்டிய எழுத்தை மற்றோரிடத்தில் தானே அச்சிடும் பொறி. இந்தியாவில் அதனை இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1960இல் சென்னை கிண்டியில் அமைந்த இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தயாரித்தது.

பொறியின் மொழி ஐந்து துடிப்புகளால் ஆனது. எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையை, அடிக்கடி வரும் எழுத்துகளுக்குத் துளை குறைவாக விழுமாறு டொனால்டு மரே 1901இல் மாற்றியமைத்தார். ஐந்து துடிப்புகளால் 32 சேர்க்கைகளே அமையும் என்பதால், எழுத்து வரிசை, எண் வரிசை என இரண்டாகப் பிரித்து ஒரே சேர்க்கையை இருமுறை பயன்படுத்தினர். ரோமன் எழுத்துக்கு அது போதும். 247 எழுத்துடைய தமிழுக்கு அதில் இடமில்லை.

இப்பொறியைக் கம்பியிலிருந்து பிரித்து வானொலியில் இயக்கியவர்களில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களும், அதாவது ஹாம்களும், உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின், அமெரிக்காவில் கழித்துக் கட்டப்பட்ட பொறிகளை வாங்கி, 1946இல் நியூயார்க்கில் தம் முதல் முயற்சிகளைச் செய்தனர். 1953இல் சிற்றலைகளில் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் முறைக்கு அனுமதி கிடைத்தது. பின்னாளில் நிலைத்த வழக்கப்படி ஒரு துடிப்புக்கு 2125 ஹெர்ட்ஸ், இன்னொன்றுக்கு 2295 ஹெர்ட்ஸ் எனச் சுருதி மாறும் ஒலியை ‘டெர்மினல் யூனிட்’ என்னும் இடைக்கருவி மின்னோட்டமாக்கிப் பொறியை இயக்கும். பிரிட்டனில் இவ்வார்வலர்களின் சங்கம் 1959இல் தோன்றியது.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சொல் அடிக்கும் அப்பழைய பொறிகளின் பல்சக்கரங்களுக்கு ஏற்ப, நொடிக்கு 45.45 துடிப்பு, அதாவது துடிப்புக்கு 22 மில்லிநொடி என்ற வேகம் ஹாம்களிடையே நிலைத்தது. ஐரோப்பியத் தந்தி மரபில் வந்த பொறிகளோ நொடிக்கு 50 துடிப்பில் ஓடுபவை. ஆகவே அத்தகைய பொறியை வானொலிக்குக் கொண்டுவர விரும்புபவர், சுழலும் மோட்டாரில் இட்ட கோடுகளை இசைக்கவையின் அதிர்வினூடே பார்த்து, அவை அசையாமல் நிற்கும்வரை வேகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், கம்பியை நம்பும் எதுவும் இக்கரையில் எவ்வளவு நொய்மையானது என்பதைக் காட்டியது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச்சேவையே மூடப்பட்டது. ஆயினும், ஆண்டுதோறும் செப்டம்பரின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் உலகளாவிய ஆர்டிடிஒய் (வானொலி டெலிபிரிண்டர்) போட்டியின்போது, 14.080 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அவ்விரு சுருதிகளும் நெரிசலாகக் கேட்கின்றன. அனுப்புபவை பெரும்பாலும் கணினிகள், அவை கடைப்பிடிப்பது அதே 22 மில்லிநொடி.