அனுமதிக்கப்பட்ட விபத்து: அணு உலைக் குளிர்விப்பும் சொல்லின் அதிகாரமும்

அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு நிற்பதில்லை. அடுப்பை அணைச்சா சூடு அடங்கிடும்னு பழகிப்போன மனசுக்கு இது பிடிபடாத சங்கதி. தொடர்வினை நின்ற பிறகும், பிளவுண்ட அணுக்களின் மிச்சங்கள் சிதைந்தபடி வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு ஆற்றலில் 6, 7 சதவீதம். 3000 மெகாவாட் வெப்ப ஆற்றலுள்ள உலையில் இது ஏறத்தாழ 200 மெகாவாட். தண்ணீர் கொண்டுவரும் குழாய் உடைந்தால் இந்தச் சூட்டிலேயே எரிபொருள் உருகிவிடும். அப்போது வேறு வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்த வைத்திருக்கும் ஏற்பாடுதான் அவசரகாலக் குளிர்விப்பு அமைப்பு. பொறியியல் சமாச்சாரம்தானே, இலக்கியக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்த விபத்தைப் பற்றிப் பேசலாம், அதை யார் பேசலாம் என்று தீர்மானித்த சொற்களும் இந்த அமைப்பின் வரலாற்றில் இருக்கின்றன. அவற்றை வாசிப்பது நம் வேலைதான்.

அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஆரம்பகாலத்திலிருந்தே 'நம்பத்தகுந்த உச்சபட்ச விபத்து' என்றொரு தொடரைப் புழங்கிவந்தது. உலையை வடிவமைப்பவர் இந்த ஒரு விபத்துக்கு ஈடுகொடுத்தால் போதும். யாருக்கு நம்பத்தகுந்தது என்பதைத் தொடர் சொல்லாது. பெரிய குழாய் ஒரே வெட்டில் இரண்டாகத் துண்டிக்கப்படுவதே அந்த விபத்து என்று கொள்ளப்பட்டது. பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'கில்லட்டின் முறிவு'. என்ன உடைந்தாலும் உலையைச் சுற்றியுள்ள கான்கிரீட் கூடு கதிரியக்கத்தை உள்ளேயே அடக்கிவிடும் என்பது நம்பிக்கை. உலைகள் பெருத்துக்கொண்டே போனபோது, உருகிய எரிபொருள் கூட்டையே துளைத்துவிடாதா என்ற கேள்வி எழுந்தது. 1966-ல் வில்லியம் எர்கன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. உருகுதல் நேர்ந்துவிட்டால் கூட்டை நம்பியிருக்க முடியாது என்றது 1967-ல் வந்த அதன் அறிக்கை. ஆக, உருகவே விடக்கூடாது. அதுவரை பல காவல்களில் ஒன்றாக இருந்த குளிர்விப்பு அமைப்பின் தலையில் முழுப் பாரமும் வந்து விழுந்தது.

சரி, அது வேலை செய்யுமா? 1970 இறுதியில் ஐடஹோவில் தொடங்கிய சோதனைகள் இதைத்தான் பார்த்தன. அணு எரிபொருளுக்குப் பதில் மின்சாரத்தால் சூடேற்றிய சிறிய மாதிரிக் கலம். குழாயை உடைத்துவிட்டு அவசரத் தண்ணீரைச் செலுத்தினார்கள். தண்ணி உள்ளே போச்சா? போகலை. சீறி வெளியேறிய நீராவியோடு சேர்ந்து உடைப்பின் வழியாகவே வெளியேறியது. மாதிரி மிகச் சிறிது, அசல் உலைக்கு இது பொருந்தாது என்றது ஆணையம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் பொருந்தும் அளவிலான சோதனை எதுவும் அப்போது கையில் இல்லை. இருந்தது கணினிக் கணக்கு மட்டுமே.

உரிமம் வழங்குவதற்காக ஊர் ஊராக நடந்த விசாரணைகளில் மக்கள் இதைக் கிளப்ப ஆரம்பித்தார்கள். 1971 ஜூனில் ஆணையம் இடைக்கால விதி ஒன்றை வெளியிட்டது: எரிபொருள் உறையின் வெப்பநிலை 2300 பாரன்ஹீட்டைத் தாண்டாது என்று கணக்குக் காட்டினால் போதும். எதிர்ப்பு வலுத்ததும், எல்லா உலைகளுக்கும் சேர்த்து ஒரே பொது விசாரணையை 1972 ஜனவரியில் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் தொடங்கியது. அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கத்தின் சார்பில் எம்.ஐ.டி. இயற்பியலாளர் ஹென்றி கெண்டலும் பொருளாதாரம் படித்த டேனியல் ஃபோர்டும் வந்து நின்றார்கள். கெண்டல் பின்னர் 1990-ல் நோபல் பரிசு பெற்றவர். ஓராண்டுக்கும் மேல் நீண்ட விசாரணையின் பதிவு 20,000 பக்கங்களைத் தாண்டியது. ஆணையத்தின் பணத்தில் இயங்கிய ஓக் ரிட்ஜ், ஐடஹோ ஆய்வகங்களின் நிபுணர்களே தங்கள் சந்தேகங்களைச் சாட்சியமாகச் சொன்னார்கள். சூட்டில் எரிபொருள் குழல்கள் பலூன்போல் உப்பித் தண்ணீரின் பாதையை அடைத்துக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. அதுவரை மூடிய அறைக்குள் இருந்த பேச்சு முதல்முறையாகப் பொதுப் பிரதியானது.

1973 டிசம்பரில் தீர்ப்பு. 2300 என்பது 2200 ஆனது. உறையின் ஆக்சிகரணத்துக்கு 17 சதவீதம் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. இது கண்துடைப்பு என்று தள்ளிவிட முடியாது; விதி இறுகத்தான் செய்தது. ஆனால் இதன் மறுபக்கம் முக்கியமானது. பொதுவிதி வந்துவிட்டால் தனித்தனி உலைகளுக்கான விசாரணைகளில் அந்த விதியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. தன் ஊர் உலையைப் பற்றிக் கேட்க வருகிறவரிடம், 'அதெல்லாம் பேசி முடிச்சாச்சு' என்று சொல்லிவிடலாம். எண் என்பது இங்கே அளவீடாக மட்டுமின்றி, வாயடைப்பாகவும் செயல்பட்டது.

1978 டிசம்பரில் ஐடஹோவில் உண்மையான அணு எரிபொருளோடு பெருமுறிவுச் சோதனை நடந்தது. வெப்பநிலை கணித்ததைவிடக் குறைவாகவே ஏறியது. கில்லட்டினைப் பொறுத்தவரை விமர்சகர்கள் அஞ்சிய அளவுக்கு நிலைமை மோசமில்லை என்றே ஆயிற்று. அடுத்த நான்கு மாதங்களுக்குள், 1979 மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் விபத்து நடந்தது. எந்தக் குழாயும் துண்டாகவில்லை. திறந்த வால்வு ஒன்று மூடாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. மூடும்படி ஆணை போனதைத்தான் அந்த விளக்கு குறித்தது, வால்வு மூடியதை அல்ல. குறிக்கும் பொருளுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியேறியது. அவசரக் குளிர்விப்பு தானாகவே இயங்கத் தொடங்கியிருந்தது. உலையில் தண்ணீர் அதிகம் என்று மானி காட்டியதால் இயக்குநர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள். பயிற்சியில் கற்றதைத்தான் செய்தார்கள். எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது. 1977-லேயே ஓஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே மாதிரி வால்வு மாட்டிக்கொண்டு, இதே மாதிரி குளிர்விப்பைக் குறைத்திருந்தார்கள். அந்தப் பாடம் இங்கே வந்து சேரவில்லை. பெருமுறிவு என்னும் பெருங்கதையாடலின் முன் சின்ன ஒழுக்கைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

இது அமெரிக்காவோடு முடியவில்லை. ஜப்பானின் 1990-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழிகாட்டி, நீண்டநேர மின்தடையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றது. 2011 மார்ச் 11-ல் ஃபுகுஷிமாவில் கடல் ஏறியது. டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. மூன்று உலைகள் உருகின. வழிகாட்டி தேவையில்லை என்று விலக்கிய விபத்துதான் நடந்தது.

பாதுகாப்பு ஆய்வறிக்கை என்பது இன்னின்ன விபத்துகள் நடக்கலாம், இன்னின்னது நடக்காது என்று சொல்லும் பிரதி. கூடங்குளம் உலைகளுக்கான அந்த அறிக்கையை வெளியிடும்படி 2012-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டபோது, அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. போராடிய கடற்கரை மக்களைப் பார்த்து 'உங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது' என்றார்கள். பெதெஸ்டாவின் 20,000 பக்கங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. ஆவணத்தைக் கண்ணில் காட்டி, குறுக்குக் கேள்வி கேட்க விட்டபோதுதான் விஞ்ஞானிகளே தங்கள் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். எந்த விபத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எழுதிவைத்திருக்கும் பக்கங்களை, அந்த விபத்து நடந்தால் ஊரைவிட்டுப் போகவேண்டியவர்கள் ஏன் படிக்கக்கூடாது?